கொப்பர் ஏன் லொறியை எடுக்கேல்லை

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ லொறிக்குள்ளை இருந்து விடாமல் ஹோர்ண் அடிச்ச சத்தம் இன்னும் என்ரை காதுக்குள்ளை கிடக்கு. உன்ரை கலியாணத்துக்குக் கதிரை ஏத்தவெண்டு நீயும் கொப்பரும் பேசாலைக்கு வெளிக்கிட்டனீங்கள். அவர் திறப்பைத் திருப்பினார், டாஷ்போட்டைப் பாத்தார், ஒரு கதை பேச்சில்லாமல் திறப்பைக் கழட்டிக்கொண்டு இறங்கிச் சைக்கிளை எடுத்தார். அவர் அடம்பன் சந்திக்குப் போய் ஒரு சின்னப் பல்ப் வாங்கிக்கொண்டு வருமட்டும் நீ வெயிலுக்கை இருந்து புழுங்கினாய். வந்த மனிசனிட்டை, அந்தச் சிவப்பு லைற் எரியாட்டி லொறி றோட்டிலை போகாதோ எண்டு கேட்டாய் பார், அதிலை எவ்வளவு நக்கல் இருந்தது எண்டு குசினிக்குள்ளை நிண்ட எனக்கே விளங்கிச்சு. அவர் "ஒண்டுமில்லை தம்பி" எண்டுபோட்டுப் பல்பைப் போட்டார். நீங்கள் ரெண்டுபேரும் ஆளையாள் பாராமல் போனீங்கள்.

உனக்கு நேரை சொல்லுவமெண்டால் நீ எங்கை நிண்டு கேக்கப் போறாய்? நான் வாயைத் திறக்க முன்னம் ஃபோனைக் காதிலை வைச்சுக்கொண்டு முற்றத்துக்குப் போயிடுவாய். அதுதான் எழுதுறன். கடுதாசி எண்டால் நீ எங்கை வைச்சாலும் அது அங்கையே கிடக்கும், எப்பவோ ஒருநாள் எடுத்துப் பாப்பாய். இன்னொரு காரணமும் இருக்கு. கலியாண எழுத்தண்டு, பதிவு முடிஞ்ச சாப்பாட்டு மேசையிலை, நீ கட்டப்போற ஜெனி உன்ரை பக்கம் குனிஞ்சு, ஏன் முகம் ஒருமாதிரிக் கிடக்கு எண்டு மெதுவாக் கேட்டவள். நீ அவளின்ரை முகத்தைப் பாக்காமலே "ஒண்டுமில்லை" எண்டு வெட்டிவிட்டாய். அந்தப் பிள்ளை பேந்து சோத்திலை கை வைக்கேல்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறான் எண்டு எனக்கு நெஞ்சு திக்கெண்டது. கேள் மகன், இந்த வீட்டிலை அந்த ஒரு சொல்லாலை நான் புருசனையே துலைக்கப் பாத்தனான். அந்தக் கதை உனக்குத் தெரியாது. அப்ப நீ மன்னாரிலை சாமிமாரின்ரை விடுதியிலை நிண்டு படிச்சுக்கொண்டிருந்தனீ.

நாங்கள் முகாமாலை திரும்பி பாப்பாமோட்டைக்கு வந்த புதிசு. வீடு இருந்த இடத்திலை பத்தை. தகரத்தைப் போட்டு ஒரு கொட்டில் அடிச்சிருந்தம். வயலுக்குள்ளை மிதிவெடி பாத்து முடியேல்லை எண்டு எங்களை இறங்க விடேல்லை. கொப்பருக்குத் தெரிஞ்ச தொழில் லொறி ஓடுறது ஒண்டுதான். அந்த லொறியையோ நாங்கள் கடைசிச் சண்டையிலை புதுக்குடியிருப்பிலை, றோட்டோரம் விட்டுட்டு நடந்தனாங்கள். விட்டுட்டுப் போன வாகனங்களை ஒரு வளவிலை குவிச்சு வைச்சிருக்கெண்டும், வாகனப் பதிவுப் புத்தகம் இருந்தால் சொந்தக்காரர் எடுக்கலாமெண்டும் கேள்விப்பட்டுப் போனம். துருப்பிடிச்ச இரும்பு மலைக்குள்ளை, கதவிலை நான் ஒட்டின மடுமாதா படத்தை வைச்சுத்தான் எங்கடை லொறியை அடையாளம் கண்டனான். பொனட்டைத் தூக்கினால் உள்ளுக்கு எஞ்சின் இல்லை. ஆர் கழட்டினது எண்டு ஆருக்குத் தெரியும்? கொப்பர் அந்த வெறும் குழியைப் பாத்துக்கொண்டு நிண்டார். என்னப்பா செய்யப் போறம் எண்டன். ஒண்டுமில்லை எண்டார்.

அப்ப அவரிட்டை வேறை சொல் இல்லை. சாப்பிட்டீங்களோ எண்டாலும் ஒண்டுமில்லை, நித்திரை இல்லையோ எண்டாலும் ஒண்டுமில்லை. சண்டைக்கு முன்னம் இந்த மனிசன் ஒரு றாத்தல் பாண் வாங்கப் போனால் ஒரு ஊர்க் கதை கொண்டு வரும். முகாமாலை வந்தது அவற்றை சட்டையும் சாரமும் மட்டும்தான் எண்டு நான் மாதாவிட்டை முறையிடுவன்.

எஞ்சின் தேடினது பெரிய பாடு. கடைசியிலை கொழும்புப் பக்கத்தாலை வந்த பழைய ஜப்பான் எஞ்சின் ஒண்டு அகப்பட்டது. எங்கடை லொறிக்கு உரிய எஞ்சின் இல்லை, அதுக்குத் தம்பி முறையானது எண்டு வையன். இரும்பு வெட்டி, ஒட்டு வைச்சு ஒருமாதிரி இருத்திப்போட்டாங்கள். அதோடை அதின்ரை அல்டனேற்றரும் வந்தது. எஞ்சின் ஓடேக்கை பெல்ட்டிலை சுத்திச் சுத்திப் பற்றரிக்குக் கரண்ட் ஏத்திற சாமான் அதுதான். எங்கடை பழைய அல்டனேற்றருக்குக் கரண்டைக் கட்டுப்படுத்திற பெட்டி வெளியிலை தனிய இருந்தது. இதுக்கு எல்லாம் உள்ளுக்கை. அதாலை பழைய வயரெல்லாத்தையும் மாத்த வேண்டி வந்திச்சு. வயரிங் வேலைக்கு மன்னார் ரவுணிலை நிஸ்தார் நானாவைப் பிடிச்சம். அவரும் எங்களை மாதிரித்தான், ஊரை விட்டுக் கலைக்கப்பட்டு இருபது வருசமாப் புத்தளத்திலை இருந்திட்டு அப்பதான் குடும்பத்தோடை திரும்பி வந்து கராஜ் திறந்தவர். வாய் ஓயாது. தன்ரை வேலையைத் தானே புகழுறதிலை ஆளை வெல்லேலாது. வேலை முடிஞ்சோடனை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, காலாலை நல்லா முறுக்கிப்போட்டு, மீற்றரிலை முள்ளு ஏறினதைக் காட்டி, இனி என்ரை மௌத்துக்குப் பிறகும் இது சார்ஜ் ஏறும் தங்கச்சி எண்டார்.

ஒரு கிழமை போகேல்லை. பேசாலையிலை ஒரு சம்மாட்டி, வள்ளமும் வலையும் வைச்சிருக்கிற முதலாளி, அவற்றை மீனை வவுனியாவுக்குக் கொண்டுபோக நிரந்தரமா ஹயர் தாறனெண்டு சொல்லியிருந்தவர். ஐஸ் போட்டு மீனை ஏத்திப்போட்டுத் திறப்பைத் திருப்பினால் லொறி 'டிக்' எண்டு ஒரு சத்தத்தோடை நிக்கும். பற்றரியிலை உசிர் இல்லை. கரைவலை இழுத்துக் களைச்சு வந்த பொடியள் லொறியையும் தள்ளுவாங்கள். ஐஸ் கரைஞ்சு தண்ணி பின்னாலை ஒழுகும். தள்ளி ஸ்ரார்ட் பண்ணினால் டீசல் எஞ்சின் ஓடும், நிப்பாட்டினால் திரும்பவும் தள்ளு. கொப்பர் நிஸ்தார் நானாவிட்டைக் கொண்டுபோவார். நானா முறுக்கிப் பாத்துட்டு, சாமான் நல்லாத்தான் இருக்கு, உங்கடை பற்றரிதான் கூடாது எண்டுவார். புதுப் பற்றரியும் மாத்தினம். அதுவும் செத்தது. இவர் என்னை ஏமாத்துறார் எண்டு கொப்பர் நினைச்சார், இந்த மனிசனுக்கு விசர் எண்டு நானா நினைச்சார். சம்மாட்டி நல்ல மனிசன், ஆனாலும் மீன் நல்லா இருக்கவேணுமே. இனியும் தள்ள வேண்டி வந்தால் தான் வேறை லொறி பாக்கிறனெண்டு சொல்லிப்போட்டார்.

அந்தக் காலம்தான் கடற்கரை முழுக்க அவுஸ்திரேலியாக் கதை. போட்டிலை ஏத்தி விடுறன் எண்டு ஒருத்தன் ஊருக்குள்ளை வந்து வந்து போனான். அவன் வந்தால் கொப்பர் வேலிக்கு அங்காலை கூட்டிக்கொண்டுபோய் நிண்டு கதைப்பார். என்ன கதைச்சனீங்கள் எண்டால் ஒண்டுமில்லை. ஒருநாள் நான் விடாமல் பிடிச்சுக்கொள்ள, நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார், லொறி சரிவராட்டி பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துப்போட்டுத் தான் போட் ஏறப்போறாராம், போய்ச் சேர்ந்தால் எங்களைக் கூப்பிடுவாராம். போய்ச் சேராட்டி எண்டு நான் கேட்டன். அதுக்கு மட்டும் அவர் ஒண்டுமில்லை எண்டுகூடச் சொல்லேல்லை. மகன், ஷெல்லுக்குள்ளாலை மூண்டு பேரும் ஒரு கீறல் இல்லாமல் வந்தது இந்த மனிசனைக் கடலிலை விடவோ? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லொறி ஓடினால் அவர் நிப்பார், ஓடாட்டிப் போயிடுவார். அப்ப ஓடத்தானே வேணும்? அடுத்த நாள் அவர் கராஜுக்கு வெளிக்கிட, நானும் வாறன் எண்டு முன் சீற்றிலை ஏறி இருந்தன். வேண்டாமெண்டார். இறங்கமாட்டன் எண்டன்.

அண்டைக்குத்தான் எனக்கு விசயம் பிடிபட்டது. எனக்கு வயரைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. ஆனால் புருசன் லொறி ஓடுற விதம் தெரியும். சண்டைக்கு முன்னம் பறக்கிற ஆள், அண்டைக்கு மாட்டு வண்டில் மாதிரி உருட்டிக்கொண்டு போகுது. எஞ்சின் முனகுதோ இல்லையோ எண்டு கிடக்கு. ஏன் இப்பிடி எண்டு நான் கேக்கேல்லை, எனக்குத் தெரியும். வன்னியிலை பிளேன் வாற சத்தம் கேக்கவேணுமெண்டு எஞ்சினை முறுக்காமல் ஓடி ஓடிப் பழகின கால் அது. சண்டை முடிஞ்சதை அந்தக் காலுக்கு ஒருத்தரும் போய்ச் சொல்லேல்லை. கராஜிலை நிஸ்தார் நானா ஏறி இருந்து வழமை போலை 'கர்' எண்டு முறுக்கினார், முள்ளு ஏறிச்சு. பாத்தீங்களோ எண்டு கையை விரிச்சார். நான் சொன்னன், "நானா, நீங்கள் முறுக்கினால் ஏறுது. இவர் முறுக்கிறதே இல்லை. இவர் ஓடுற மாதிரி ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணி விட்டுட்டுப் பாருங்கோ."

எஞ்சினை நிப்பாட்டித் திரும்ப ஸ்ரார்ட் பண்ணி, காலை எடுத்துப்போட்டு மீற்றரைப் பாத்தார். முள்ளு அசையேல்லை. மனிசன்ரை வாய் அப்பதான் முதல்தரம் மூடினது. பிறகு திறப்பை மட்டும் திருப்பிப்போட்டு டாஷ்போட்டைப் பாத்தார். இருட்டு. வல்லாஹி, இதைப் பாக்காமல் விட்டேனே எண்டு தலையிலை கை வைச்சார். எனக்கு விளங்கிற மாதிரித்தான் சொன்னவர்: இந்தப் புது அல்டனேற்றர் நித்திரை கொள்ளுற சாமான், தட்டி எழுப்ப முதலிலை கொஞ்சக் கரண்ட் வேணும். அது போற பாதை அந்தச் சின்னச் சிவப்புப் பல்புக்குள்ளாலைதான். திறப்பைத் திருப்பினால் பல்ப் எரியும், கரண்ட் போகும், எஞ்சின் ஓடத் தொடங்கினால் சார்ஜ் ஏறும், பல்ப் தானா அணைஞ்சு நூரும். பல்ப் இல்லாட்டி, நல்லா முறுக்கினால் மட்டும்தான் முழிக்கும். பழைய சாமானுக்கு வெளியிலை இருந்த பெட்டி அந்த வேலையைச் செய்ததாலை ஒருத்தருக்கும் தெரியாமல் ஓடியிருக்கு. சொல்லிக்கொண்டே டாஷ்போட்டைக் கழட்டிப் பின்பக்கத்தைத் திருப்பினார். ஒரு பல்ப்கூட இல்லை. எல்லாக் குழியும் வெறுமை. இதென்ன தங்கச்சி, ஆர் களவெடுத்தது எண்டார்.

கொப்பர் கராஜ் வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டார். நான்தான் சொன்னன், களவில்லை நானா, இவர்தான் கழட்டினவர், வெளிச்சம் தெரிஞ்சால் மேலை இருந்து அடிப்பாங்களெண்டு, டாஷ்போட், பிரேக் லைற் எல்லாம் கழட்டிப்போட்டுத்தான் வன்னிக்குள்ளை சனம் ஏத்தினவர் எண்டு. நானா கழட்டின டாஷ்போட்டை மெதுவா இறக்கி வைச்சார். பிறகு, பல்புக்குப் பெரிய விலையில்லை, இப்ப போட்டு விடுறன் எண்டார். கொப்பர் வேண்டாமெண்டார். பல்ப் இல்லாமல் செய்ய வழி இல்லையோ எண்டு கேட்டார். இருக்கு, ஒரு றெசிஸ்டரை வயரிலை கட்டிவிட்டால் பல்பு செய்யிற வேலையை அது செய்யும், சார்ஜும் ஏறும், லைற்றும் எரியாது எண்டார் நானா. கொப்பர் உடனை ஓம், அதைச் செய்யுங்கோ எண்டார். பிரச்சினை தீர்ந்தது. லொறி ஓடும், சம்மாட்டி ஹயர் தருவார், போட் ஏற வேண்டாம். நான் அதோடை வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

நான் இருக்கேல்லை. அந்த றெசிஸ்டர் போட்டால், நாளைக்குப் பெல்ட் அறுந்து சார்ஜ் ஏறாமல் விட்டால் எங்களுக்கு எப்பிடித் தெரியுமெண்டு நானாவைக் கேட்டன். தெரியாதுதான், பற்றரி செத்த பிறகுதான் தெரியும், அழுத பிள்ளைதானே பால் குடிக்கும் எண்டார். கொப்பர், அதை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டார். அந்த "நான் பாத்துக்கொள்ளுறன்" எனக்குக் கேக்க, இவ்வளவு காலமும் உள்ளுக்கை அடக்கினது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்திட்டுது. பிற மனிசன்ரை கராஜிலை நிண்டு நான் சொன்னது இன்னும் சொல்லுக்குச் சொல் ஞாபகம்: "உங்கடை முகத்திலை ஒரு லைற்றும் எரியுறேல்லை. எப்ப கேட்டாலும் ஒண்டுமில்லை. நீங்கள் செத்த பிறகுதான் எனக்குத் தெரிய வருமோ? இந்த லொறியாவது என்னோடை கதைக்கட்டும். பல்ப் போடாட்டி நான் இதிலை ஏறமாட்டன்." அழுதனான்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. நிஸ்தார் நானா ஒரு பல்பைக் கொப்பரின்ரை கையிலை வைச்சுட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு வெளியிலை போட்டார். அந்த வாய்க்காரருக்கு எப்ப போகவேணுமெண்டு தெரிஞ்சிருந்தது. அதுக்காகத்தான் உன்ரை கலியாண அழைப்புக் காட்டிலை முதலாவதை அவருக்குக் குடுத்தனான்.

கொப்பர் பல்பை உள்ளங்கையிலை உருட்டிப் பாத்தார். பிறகு தன்ரை கையாலை அந்தப் பல்பைப் போட்டு, ஏறி இருந்து திறப்பைத் திருப்பினார். சிவப்பு எரிஞ்சது. புளியங்கொட்டை அளவு வெளிச்சம், பட்டப்பகல். அவற்றை கை தன்பாட்டிலை போய் அதைப் பொத்திச்சு. நான் மற்றப் பக்கத்தாலை ஏறிப் பக்கத்திலை இருந்தன். ஒண்டும் கேக்கேல்லை. அப்பதான் சொன்னவர். விசுவமடுவிலை சனத்தை ஏத்திக்கொண்டு போகேக்கை, முன்னாலை சூசை அண்ணற்றை லொறி போனது. உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், உனக்கு ரொபி தாற ஆள். சூசை அண்ணன் பள்ளத்துக்குப் பிரேக் பிடிச்சவர், பின்னாலை சிவப்பு லைற் எரிஞ்சது, அவற்றை லொறிக்கு மேலையே ஷெல் வந்து விழுந்தது. கொப்பர் என்னைப் பாக்காமல் சொன்னார்:

"நான் என்ரை பல்பைக் கழட்டினனான். அவனுக்குக் கழட்டச் சொல்லேல்லை."

அவ்வளவு காலமும் இந்தக் கல்லை விழுங்கிக்கொண்டுதான் இந்த மனிசன் எனக்கு முன்னாலை சோறு சாப்பிட்டிருக்கு. நான் சொன்னன், ஷெல்லுக்குக் கண் இல்லை, அது லைற் பாத்து விழுறேல்லை, லைற் இல்லாத கொட்டிலுக்கு மேலை எத்தினை விழுந்தது எண்டு. அவர் நம்பினாரோ தெரியாது. நான் நம்பினனோ எண்டும் தெரியாது. ஆனால் சொல்லி முடிய அவற்றை கை அந்த லைற்றாலை இறங்கிச்சு. எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணினார். முறுக்கேல்லை, அவற்றை வழமையான முனகல்தான். சிவப்பு நூந்தது. வெளியிலை நிண்ட நானா கையைத் தட்டினார்.

பேந்து ஒருநாளும் பேசாலைப் பொடியள் எங்கடை லொறியைத் தள்ளேல்லை. போட்காரன் திரும்ப வந்தவன். கொப்பர் அவனை வேலிக்கு அங்காலை கூட்டிக்கொண்டு போகாமல் எனக்கு முன்னாலையே வைச்சு, நான் வரேல்லை தம்பி, எனக்கு ஹயர் இருக்கு எண்டார். அந்த மீனிலைதான் நீ படிச்சனீ. அந்த மீனிலைதான் பேசாலையிலை எங்களுக்கு ஒரு மருமகளும் கிடைச்சவள், சம்மாட்டியின்ரை பெறாமகள் ஜெனி. இண்டைக்கும் அவர் திறப்பைத் திருப்பினால் சிவப்பு வருமட்டும் பாப்பார், வந்து போகுமட்டும் பாப்பார், பிறகுதான் கியர் போடுவார். எனக்குக் கதை சொல்ல மெல்ல மெல்லப் பழகிட்டார். உனக்குச் சொல்ல இன்னும் பழகேல்லை. பெத்த பிள்ளைக்குச் சொல்லுறது கட்டின பெண்சாதிக்குச் சொல்லுறதிலும் பாக்கக் கஷ்டமாக்கும்.

உனக்கு நான் கனக்கப் புத்தி சொல்ல வரேல்லை. நீ நல்ல பிள்ளை, குடி வெறி இல்லை, உழைப்பாய், அந்தப் பிள்ளையை வடிவா வைச்சிருப்பாய், எனக்கு அதிலை சந்தேகமே இல்லை. ஒண்டுதான் சொல்லுறன். ஜெனி என்னெண்டு கேட்டால் என்னெண்டு சொல்லு. வேலையிடத்திலை ஒருத்தன் ஏசினால் ஏசினவன் எண்டு சொல்லு, பயமெண்டால் பயமெண்டு சொல்லு. அவளும் தன்ரையைச் சொல்லுவாள், அதுக்கு எரிஞ்சு விழாதை. ஆம்பிளை எல்லாத்தையும் உள்ளுக்கை போட்டுக்கொண்டு ஓடிவிடலாமெண்டு நினைப்பான். ஓடலாம். நிப்பாட்டித் திரும்ப ஸ்ரார்ட் பண்ணேக்கைதான் தெரியும்.

இதை எழுதி முடிக்கிற நேரம் பாத்து அவர் வயலாலை வந்திட்டார். காலைக் கழுவிப்போட்டுக் குசினிக்குள்ளை எட்டிப் பாத்து, என்னப்பா எழுதுறாய் எண்டு கேட்டார். ஒண்டுமில்லை எண்டன். இவ்வளவையும் எழுதின மை காய முன்னம் என்ரை வாய் அதைத்தான் சொல்லிச்சு மகன். நீ கலியாணம் முடிச்சுத் திருகோணமலைக்குப் போறதை நினைச்சுக் கண் கலங்கிக் கிடந்தது, அதை மறைக்கத்தான். அவர் போகேல்லை. கதிரையை இழுத்து எனக்கு முன்னாலை போட்டு இருந்தார்.

"சிவப்பு எரியுது," எண்டார். "சொல்லு."

நீ போனாப் பிறகு இந்த வீட்டிலை இருக்க எனக்குப் பயமாக் கிடக்கெண்டு சொன்னன்.

அவர் அடுப்பைப் பாத்துக்கொண்டு, எனக்கும்தான் எண்டார்.

அம்மா